லாரிக்குள் எத்தனை காந்தம்?

இது நடந்தது போன வருடம், ஹரி ராயா என்னும் நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு, மலேசியாவில், தம்போயில் எங்கள் வீட்டில். காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். துணி காயப்போட்டாயிற்று, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பயப்பட ஒரு காரணமும் இல்லாத காலை.

முதலில் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நான் சின்ன லாரிகள் செய்பவள். கடையில் தொங்கும் பொம்மை லாரி இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அமெரிக்காவில் சில வியாபாரிகள் சாமான் கொண்டுபோகத் தங்களுக்கென்றே சொல்லிச் செய்துகொண்ட லாரிகள் உண்டு. அவற்றுக்கு மூலையே இருக்காது. காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று முகப்பிலிருந்து வால்வரை வளைத்து இழைத்திருப்பார்கள். சக்கரத்தைக்கூடத் தகடு போட்டு மூடியிருப்பார்கள். பெரிய பலாக்கொட்டை ஒன்று ரோட்டில் ஓடுவதுபோல இருக்கும். கைபேசியில் ஒருநாள் அந்தப் படத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

பதினோரு வருடம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை பார்த்தவள் நான். தொழிற்சாலையை மூடிய பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, கார் பட்டறையில் ஒடுக்கு அடைக்கும் புட்டிப் பசையைப் பூசி, தேய்த்துத் தேய்த்து, அசல் லாரியில் இருபத்து நாலில் ஒரு பங்கு அளவுக்குச் செய்வேன். “மத்தவன் வீட்டுல பொம்பளைங்க கேக் செய்றாங்க, என் வீட்டுல லாரி செய்றா லா” என்று என் வீட்டுக்காரர் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் புட்டி தீர்ந்தால் வாங்கி வருபவரும் அவர்தான். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் ஓடும் பிள்ளை என் நாத்தனாரின் மகள், அப்போது மூன்று வயது. நாத்தனாருக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. விடிகாலை ஐந்து மணிக்குப் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூர் போகும் பாலத்துக்கு ஓடுவாள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாள். அவள் கணவர் கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறார். வாரக்கணக்கில் போனில்கூடக் கிடைக்கமாட்டார்.

அன்று என் மேசையில் இருந்த லாரிக்கு வயது எட்டு மாதம். அடர்ந்த பச்சை, வயிற்றில் கிரீம் கலர் பட்டை. அடுத்த வாரம் ஒரு பேரங்காடியில் கண்காட்சிக்கு வைப்பதாக இருந்தது. வளைவான லாரியில் ஒரு தொல்லை உண்டு. மேல்கூடு தனி, சக்கரமும் இஞ்சினும் இருக்கும் அடிச்சட்டம் தனி. கூட்டைத் தூக்கி உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும். திருகாணி போட்டால் கண்ணுக்குத் தெரியும். ஒரு திருகாணித் தலை தெரிந்தாலும் அந்த வழவழப்பு கெட்டது. அதனால் காந்தம் வைத்தேன்.

சட்டைப் பொத்தானைவிடச் சின்ன, தட்டையான வில்லைகள். பிடித்தால் விடாது. கூட்டில் ஒன்று, அதற்கு நேராகச் சட்டத்தில் ஒன்று என்று பதித்து, மேலே புட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டால், உள்ளே காந்தம் இருப்பது கடவுளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எந்த முகம் எதை இழுக்கும் என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் சிவப்பு நகப்பூச்சைத் தொட்டு வைப்பேன். மிச்சமுள்ளவற்றைப் பிஸ்கட் டின் மூடியில் ஒட்டி வைப்பேன். தகரத்தில் ஒட்டிக்கொள்ளும், உருளாது, தொலையாது. இந்த யோசனையில் எனக்குப் பெருமை வேறு.

அந்த அறைக்கதவின் உச்சியில் ஒரு கொக்கி உண்டு. பிள்ளை வீட்டில் இருக்கும்போது கொக்கி போடாமல் நான் நகரமாட்டேன். அன்று கேட்டில் ஹார்ன் சத்தம் கேட்டது. பார்சல். போனேன், கையெழுத்துப் போட்டேன், வெயிலைப் பற்றி அந்த ஆளிடம் இரண்டு வார்த்தை பேசினேன். திரும்பி வந்தபோது பிள்ளை அறைவாசலில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“அத்தை, மிட்டாய் ஒட்டுது.”

“எங்கடா கண்ணு மிட்டாய்? அத்தைக்குக் காட்டு.”

“போச்சு” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

மேசையைப் பார்த்தேன். டின் மூடியில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு மிச்சம் இருந்தது.

பயம் வந்தால் மனிதர்கள் ஓடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நான் ஓடவில்லை. எனக்கு நானே பொய் சொல்ல ஆரம்பித்தேன். கீழே விழுந்திருக்கும் என்று மண்டிபோட்டுத் தேடினேன். பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சரி, மாத்திரை அளவுதானே, நாளைக்கு வெளியே வந்துவிடும் என்றேன். அதற்கு முந்தின வருடம் பக்கத்து வீட்டுப் பையன் காசு முழுங்கி அப்படித்தான் வந்தது. வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று ஒரு வாழைப்பழத்தை உரித்து ஊட்டினேன். அவள் சமர்த்தாகச் சாப்பிட்டாள். நான் சோற்றை வடித்தேன். கஞ்சித்தண்ணீர் காலில் கொட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாத்தனார் என்ன நினைப்பாள், வீட்டுக்காரர் என்ன சொல்வார், ‘பிள்ளையைப் பார்க்கச் சொன்னா லாரி செஞ்சிக்கிட்டிருந்தியா’ என்று ஊர் கேட்குமே என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

இப்படியே முக்கால் மணி நேரத்தை விழுங்கினேன். பிறகுதான் கைபேசியை எடுத்து, பிள்ளை காந்தம் விழுங்கினால் என்று தேடினேன்.

காசு வேறு, காந்தம் வேறு. ஒன்றுக்கு மேல் விழுங்கினால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் இன்னொரு மடிப்பில் ஒன்றும் நின்று, நடுவில் குடலை வைத்தே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுமாம். விடாதாம். அந்த இடம் நசுங்கி ஓட்டையாகுமாம். முதலில் வெளியே எதுவும் தெரியாது, பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் என்றும் போட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் தலையணையைக் குதிரையாக்கி ஏறிக்கொண்டு சிரித்தாள்.

அந்த வில்லைகள் வந்த அன்று, இரண்டை என் கட்டைவிரல் சதைக்கு இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்திருந்தேன். சதையைக் கவ்விக்கொண்டு நின்றன. விரலை உதறினேன், விழவில்லை. அதைப் பார்த்து அன்று நான் சிரித்தேன். அந்த விரலை இப்போது என்னால் பார்க்க முடியவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரில் போட்டேன். சீட் பெல்ட்டை மாட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பெல்ட்டின் கொக்கி இரும்பு. அது வயிற்றுக்குப் பக்கத்தில் வரும். அது இழுக்குமா, இழுத்தால் என்ன ஆகும், ஒன்றும் தெரியவில்லை. என் துப்பட்டாவை நாலாக மடித்து வயிற்றுக்கும் கொக்கிக்கும் நடுவில் வைத்தேன். துணி காந்தத்தைத் தடுக்காது என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் வைத்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் இருபது நிமிடமும் சிவப்பு விளக்கு வரும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சுளித்தால் என் உயிர் போய் வந்தது. வெயில் கண்ணில் பட்டதால்தான் சுளித்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளம் மலாய்ப் பெண். காந்தம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிட்டார். டாக்டர் எழுந்து நிற்பதைப் பார்க்கும் பயம் தனிப் பயம். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். வாழைப்பழத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, இனி தண்ணீர்கூடத் தராதீர்கள் என்று மட்டும் சொல்லி எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் இரைப்பை இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கட்டை தெரிந்தது. ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, இன்னும் குடலுக்குள் இறங்கவில்லை, அது நல்லது என்றார். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கலாம், ஆனால் இறங்குவதற்குள் எடுக்க வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“பெராபா பீஜி, காக்?”

எத்தனை என்று கேட்கிறார். படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் இரண்டா மூன்றா என்று அடித்துச் சொல்ல முடியவில்லையாம். உள்ளே போகும் டாக்டருக்கு எண்ணிக்கை தெரிய வேண்டுமாம்.

எனக்குத் தெரியவில்லை.

வாங்கியது பத்து. மூடியில் மிச்சம் ஒன்று. லாரிக்குள் மூன்று இடத்தில் இரண்டிரண்டாக ஆறு பதித்தேன். அப்படியென்றால் பிள்ளை வயிற்றில் மூன்று. ஆனால் வால்பக்கம் பிடிப்புப் போதவில்லை என்று அங்கே இன்னொரு வில்லையைக் கூடுதலாக வைத்த ஞாபகம் இருந்தது. வைத்தேனா, இல்லை வைக்கலாம் என்று நினைத்ததோடு சரியா? வைத்திருந்தால் வயிற்றில் இருப்பது இரண்டு. பதினோரு வருடம் மைக்ராஸ்கோப்பில் ஒரு முடி அளவு பிசகைக் கண்டுபிடித்தவளுக்கு, சொந்த மேசையில் வைத்த காந்தம் எத்தனை என்று சொல்லத் தெரியவில்லை. எட்டு மாதமாக நான் எழுதி வைக்கவே இல்லை.

இன்னொன்றும் சொன்னார்கள். நான் அத்தை. என் கையெழுத்துச் செல்லாது. தாயோ தகப்பனோ சம்மதம் தர வேண்டும், போனில் என்றாலும் பரவாயில்லை.

முதலில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எது சுலபமோ அதை முதலில் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். உலு திராமில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். லாரியைப் பிரித்து உள்ளே எத்தனை காந்தம் என்று எண்ண வேண்டும் என்பதுவரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். “வீட்டுக்குப் போறேன், வீடியோல கூப்பிடு” என்றார்.

அடுத்தது நாத்தனார். நர்ஸ் சாட்சிக்குப் பக்கத்தில் நின்றார். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவளுக்கு நான் அனுப்பிய செய்தி என்ன தெரியுமா? பாப்பாவுக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை, டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன், பயப்படாதே. அதை நம்பிப் பயப்படாமல் இருப்பாளா? அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஏற்கெனவே பஸ்ஸில் ஏறியிருந்தாள். விடுமுறைக் கூட்டம், பஸ் பாலத்தில் நின்றுகொண்டிருந்தது.

“நான் பொய் சொல்லிட்டேன்மா. பாப்பா என் லாரிக்கு வைக்கிற காந்தத்த முழுங்கிட்டா. கதவைத் திறந்து வச்சது நான்தான். வாழைப்பழம் குடுத்து நேரத்தக் கடத்துனதும் நான்தான். இப்ப கொழாய் விட்டு எடுக்கணும்ங்கிறாங்க, நீ சரின்னு சொல்லணும்.”

அந்தப் பக்கம் பஸ் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சில விநாடியைப் போல ஒரு பயத்தை நான் என் வாழ்க்கையில் பட்டதில்லை.

“அண்ணி, டாக்டர்கிட்ட போனக் குடுங்க.”

அவ்வளவுதான். டாக்டரிடம் மலாயில் சரி என்று சொன்னாள், அடையாள அட்டை எண்ணைச் சொன்னாள். குரல் உடையவில்லை. போனை வைத்ததும் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கிப் பாலத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். என் மேசை தெரிந்தது, பச்சை லாரி தெரிந்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் சுத்தியல்.

“கூட்டத் தூக்கிட்டேன். காந்தம் எதுவுமே வெளிய தெரியலியே. இப்ப என்னா செய்ய?”

“வால ஒடைங்க.”

“அலமாக்! எட்டு மாசம் செஞ்சது. கொஞ்சம் யோசி. வேற வழி—”

“ஒடைங்கன்னு சொல்றேன்ல! ஒடைங்க!”

அவசரப் பிரிவே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். முதல் அடியில் பெயிண்ட்தான் விரிசல் விட்டது, நான்தான் அவ்வளவு உறுதியாகச் செய்திருந்தேனே. மூன்றாவது அடியில் வால் பிளந்தது. புட்டியைக் கிளறிக் கிளறி எடுத்தார். அந்த நேரத்தில் அந்த லாரிமேல் எனக்கு ஒரு துளிப் பாசமும் இல்லை. இன்னும் சீக்கிரம் உடைக்கமாட்டேன் என்கிறாரே என்று ஆத்திரமாகத்தான் இருந்தது.

“கூட்டுல ஒன்னு இருக்கு.”

“அடியில இன்னொன்னு ஒட்டியிருக்கும். பிளேடு விட்டுப் பாருங்க.”

“ஒன்னேதான்.”

“சட்டத்துல?”

அங்கேயும் உடைத்தார். “இதுலயும் ஒன்னுதான். நல்லாப் பாத்துட்டேன்.” முன்பக்கம் இரண்டு இடத்தையும் உடைக்கச் சொன்னேன். அங்கேயும் இரண்டிரண்டுதான். ஆக மொத்தம் ஆறு. கூடுதல் வில்லையை நான் நினைத்ததோடு சரி, வைக்கவே இல்லை.

“தீகா” என்றேன் டாக்டரிடம். மூன்று. சத்தியமாக மூன்று.

வாழைப்பழம் செரிக்கட்டும் என்று மணிக்கணக்கில் காத்திருந்துவிட்டு, கதவுக்குப் பின்னால் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். நடுவில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள், இன்னும் இறங்கவில்லை என்றார்கள். அதற்குள் நாத்தனார் வந்து சேர்ந்திருந்தாள். செருப்பெல்லாம் தூசி, முகம் வெயிலில் வெந்திருந்தது. மகளின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தேன். மாதாவைக் கும்பிடலாம் என்று ஜெபமாலையை எடுத்தேன். சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த ஜெபம் பாதியில் மறந்துபோயிற்று. மணியை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, உள்ளேயிருந்து பெரிய டாக்டர் வந்தார். கையில் மூடி போட்ட சின்ன டப்பா. அதற்குள் மூன்று வில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றார். முதல் தடவை இரண்டுதான் ஒட்டிக்கொண்டு வந்ததாம். மூன்றாவது அதிலிருந்து கழன்று இரைப்பையின் மடிப்புக்குள் பதுங்கிவிட்டதாம். மூன்று என்று நீங்கள் சொல்லியிருந்ததால் குழாயை வெளியே எடுக்காமல் தேடிப் பிடித்தேன், இல்லாவிட்டால் மறுபடியும் படம், மறுபடியும் மயக்க மருந்து, அதற்குள் அது எங்கே போயிருக்குமோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் நாத்தனார் அழுதாள். நான் தொடவில்லை. தொட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

லாரி கண்காட்சிக்குப் போகவில்லை என்று சொல்ல வேண்டியதே இல்லை. லாரி செய்வதை நான் விடவும் இல்லை, அதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். காந்தத்தைத்தான் விட்டுவிட்டேன். இப்போது என் லாரிகளில் திருகாணி பல்லை இளித்துக்கொண்டு தெரியும், பார்க்கிறவர்கள் குறை சொல்வார்கள், சொல்லட்டும்.

ஆனால் என்னால் மறக்க முடியாதது இது எதுவும் இல்லை. விடுமுறை முடிந்து முதல் வேலை நாள். விடிகாலை நாலரைக்கே எழுந்து உட்கார்ந்திருந்தேன். வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வேறு ஆளைப் பார்த்திருப்பாள், பார்க்கத்தானே வேண்டும்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஐந்து மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. தோளில் தூங்கும் பிள்ளையோடு நின்றாள்.

நான் கையை நீட்டவில்லை. “வேணாம்மா” என்றேன். “எனக்குப் பயமா இருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஒரு நாளைக்கு நூறு தடவ தரையத் தடவிப் பாக்குறேன். நீ வேற ஆளப் பாரு.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“எனக்கு உங்க மேல கோவம் போவல அண்ணி. போறதுக்கு நாளாவும்” என்றாள். “ஆனா நான் இவள யாருகிட்ட விட்டாலும், அவங்க உங்கள மாதிரி பயப்படுவாங்களா? பயப்படாத ஆளுகிட்ட என் புள்ளைய விட்டுட்டு நான் எப்படிப் பாலம் தாண்டிப் போவேன்?”

பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று ஓடினாள். தைரியமாக இரு என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். என் பயத்தை நம்பி ஒரு பிள்ளையை என் கையில் கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.